எரிமலை மூடிய பள்ளிக்கூடமா? கிளார்க் தளத்து வாக்னர் உயர்நிலைப் பள்ளி

#1 மணலூரான்

வேலை விஷயமாகப் பிலிப்பைன்ஸின் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒன்றரை வருடம் குடியிருந்தேன். மணிலாவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆபீஸ் கிளார்க் ஃப்ரீபோர்ட்டுக்குள். இன்று அது தொழிற்சாலை, விமான நிலையம், டியூட்டி ஃப்ரீ கடைகள், கசினோ என்று போகிறது. 1991 வரை அது அமெரிக்க விமானப்படையின் தளம். சொந்த நாட்டுக்கு வெளியே அவர்கள் வைத்திருந்த மிகப் பெரிய தளங்களில் ஒன்று.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பழைய பரேடு மைதானத்தைச் சுற்றி நடப்பது வழக்கம். மைதானத்து ஓரம் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். அதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட மரவீடுகள், அதிகாரிகளுக்காகக் கட்டியவை. ஒருநாள் அறுபதை நெருங்கும் அமெரிக்கர் இருவர் கையில் ஒரு பழைய பள்ளி ஆண்டுமலரை வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டுவதும் சுற்றிமுற்றிப் பார்ப்பதுமாக நின்றார்கள். பேச்சுக் கொடுத்தேன். வாக்னர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களாம். "எங்களுக்குச் சொந்த ஊர் கிடையாது, ஊருக்குப் பதிலாக இந்த ஸ்கூல்தான் இருந்தது, அதுவும் போய்விட்டது" என்றார் ஒருவர்.

அன்றிலிருந்து இந்தப் பள்ளியின் கதை என்னை விடவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சேருங்கள்.

படைவீரர்களின் பிள்ளைகளுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே வெளிநாட்டில் நடத்திய பள்ளிகளில் இதுவும் ஒன்று. கிளார்க்கில் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்று பல இருந்தன, உயர்நிலைக்கு வாக்னர். பெயர் பாய்ட் வாக்னர் என்ற விமானியுடையது. 'பஸ்' வாக்னர் என்பார்கள். 1941 டிசம்பர் 8, பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சில மணி நேரத்தில் ஜப்பானியர்கள் கிளார்க் மேல் குண்டு போட்டார்கள். தரையிலேயே பாதி விமானங்கள் போயின. மிஞ்சியவற்றை வைத்துப் பறந்த வாக்னர், அந்த மாதத்திலேயே ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தி, அந்தப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவுக்கு முதல் 'ஏஸ்' ஆனார். சண்டையில் சாகவில்லை. 1942 நவம்பரில் புளோரிடாவில், சாதாரணமாக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறந்தபோது விமானம் விழுந்து இறந்தார். வயது 26.

#2 கேவி பழைய மாணவன்

மணலூரான் அண்ணா, அந்த 'சொந்த ஊர் கிடையாது' என்ற வரியில் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா இந்திய விமானப்படை. தாம்பரம், ஜோத்பூர், ஜோர்ஹாட், மறுபடி தாம்பரம். பன்னிரண்டாவது முடிப்பதற்குள் ஆறு கேந்திரிய வித்யாலயா (கேவி). கல்யாணப் பேச்சில் "பூர்வீகம் எது?" என்று கேட்டபோது அப்பா ஊர் பெயரைச் சொன்னேன். அந்த ஊரில் மொத்தமாக நாற்பது நாள் இருந்திருப்பேன்.

1963-ல் கேவி தொடங்கியபோதே ராணுவ ரெஜிமெண்ட் பள்ளிகள் இருபதை எடுத்துத்தான் தொடங்கினார்கள். அதே யோசனைதானே இது? மாற்றலாகிப் போகும் அப்பா, எங்கு போனாலும் ஒரே பாடப் புத்தகம்.

#3 நிலாமதி

ஒரே யோசனை இல்லை தம்பி. கேவி உங்கள் நாட்டுக்குள் இருந்தது. இது அடுத்தவர் மண்ணில், அவர்கள் விருந்தாளியா வீட்டுக்காரரா என்று சண்டை ஓயாத மண்ணில் இருந்தது. பிலிப்பைன்ஸ் 1946-ல்தான் சுதந்திரம் பெற்றது. 1947 மார்ச்சில் தளங்களுக்கு 99 வருட ஒப்பந்தம். சுதந்திரத்துக்கு முதல் பிறந்தநாள்கூட வரவில்லை!

#4 மணலூரான்

நிலாமதி அக்கா சொல்வது சரி. ஆனால் கேவி தம்பி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மாஸ்கோ, காட்மாண்டு, தெஹ்ரானில் கேவி இருக்கிறதே. அங்கே வேலி இல்லை, அவ்வளவுதான்.

இந்த அமெரிக்கப் படைப் பள்ளிகள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் லட்சக்கணக்கில் அமெரிக்க வீரர்கள். குடும்பத்தை விட்டு எத்தனை வருடம் இருப்பார்கள்? 1946-ல் மனைவி மக்களைக் கப்பலேற்றினார்கள், அந்த வருட அக்டோபரிலேயே ஜெர்மனியில் பள்ளிகள் திறந்துவிட்டார்கள். பறித்த வீட்டிலும் கட்டிடத்திலும் வகுப்பு. கியூபாவின் குவாண்டனாமோவில் மட்டும் 1931-லேயே கடற்படைக் குடும்பங்களுக்குப் பள்ளி இருந்தது. பல காலம் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆளுக்கொரு பக்கமாக நடத்திவந்தன. 1978-ல் தனிச் சட்டம் போட்டு ஒரு குடைக்குள் நிலைப்படுத்தினார்கள்.

#5 பிராங்க்பர்ட் சுப்பு

ஜெர்மனி என்றதும் வந்துவிட்டேன். பிராங்க்பர்ட் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி 1946-லிருந்து 1995 வரை இங்கே நடந்தது. அமெரிக்கப் படையின் தலைமையகமாக இருந்த ஐ.ஜி. ஃபார்பன் கட்டிடம் இப்போது கோதே பல்கலைக்கழகம். அமெரிக்கர்கள் குடியிருந்த அடுக்குமாடிகளில் இப்போது ஊர்க்காரர்களும் நம்மவர்களும்தான். நான் முதலில் வாடகைக்கு இருந்ததும் அப்படி ஒரு பிளாட்.

ஹைடல்பர்க் பள்ளியும் 1946-ல் தொடங்கியது. படைத் தலைமையகம் வீஸ்பாடனுக்கு இடம்பெயர்ந்ததால் 2013-ல் மூடினார்கள். வீஸ்பாடன் பள்ளியில்தான் பிரிசில்லா படித்தார், எல்விஸ் ப்ரெஸ்லியைக் கட்டிக்கொண்டாரே, அவர்தான். சரி, திசைமாறவில்லை, நிறுத்துகிறேன்.

#6 கேவி பழைய மாணவன்

சுப்பு சார், அது திசைமாற்றல் இல்லை, அதுதான் சுவாரசியம் :)

#7 மணலூரான்

கிளார்க்குக்குத் திரும்புவோம். அங்கே வளர்ந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். கேட்டுக்குள் நுழைந்தால் அமெரிக்கா. புல்வெளி, பேஸ்பால், ஹாம்பர்கர், கமிசரி என்ற தளத்துக் கடையில் அமெரிக்கச் சாமான், ரேடியோவில் படையின் ஒலிபரப்பு. கடிதம் போட்டால் அமெரிக்க உள்நாட்டுத் தபால் தலை போதும். தளத்துத் தியேட்டரில் படத்துக்கு முன்னால் தேசிய கீதம் போடுவார்கள், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சாயங்காலம் கொடி இறக்கும்போது கொம்பு ஊதினால் கார்கள் ஓரங்கட்டும். சைக்கிளில் போகிற பையனும் இறங்கி கொடி இருக்கும் திசை பார்த்து நிற்பான்.

கேட்டுக்கு வெளியே ஜீப்னி என்ற ஊர்ப் பேருந்துகள், கோழிச் சண்டை, மாம்பழம், பார்கள். பார்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

வருடாவருடம் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு முகம் மாறிவிடும். அப்பாவின் பணிக்காலம் இரண்டு மூன்று வருடம். அதனால் நட்பு வேகமாகப் பற்றும், வேகமாக அறுந்தும் போகும். தங்களைத் தாங்களே 'பிராட்' என்று சொல்லிக்கொள்வார்கள். அகராதியில் அடங்காப்பிடாரி என்று அர்த்தம், இவர்களுக்கு அது ஜாதிப் பெயர் மாதிரி, பெருமையோடு சொல்வார்கள். விளையாட்டில் பரம எதிரி சுபிக் கடற்படைத் தளத்தின் ஜார்ஜ் டூயி உயர்நிலைப் பள்ளி.

வியட்நாம் போரின்போது கிளார்க் பரபரப்பாக இருந்தது. 1973 பிப்ரவரி 12 அன்று ஹனோயிலிருந்து விடுதலையான போர்க்கைதிகளின் முதல் விமானங்கள் இறங்கியது இங்கேதான். தளத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரவேற்கப் போய் நின்றன. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அப்பா அப்போதும் எங்கோ பறந்துகொண்டிருந்தார். வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை நடுவில் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். அந்த இருவரில் ஒருவர் சொன்னது.

#8 நிலாமதி

வியட்நாம் வரை வந்துவிட்டீர்கள், யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். 'அமெரிக்கப் படைவீரரின் பிள்ளை' என்றால் யார்? ஏஞ்சலஸிலும், சுபிக் தளத்தை ஒட்டிய ஒலொங்கப்போவிலும் அமெரிக்க வீரர்களுக்குப் பிறந்து, அப்பா விட்டுப்போன பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வளர்ந்தார்கள். அவர்களும் அமெரிக்கப் படைவீரரின் பிள்ளைகள்தானே? அவர்களில் எத்தனை பேர் வாக்னர் ஆண்டுமலரில் இருக்கிறார்கள்?

1982-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஆசியாவில் அமெரிக்கத் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் குடியேறலாம் என்று. கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து. பட்டியலில் பிலிப்பைன்ஸ் இல்லை.

#9 மெத்தைக்கடை

அக்கா எல்லா இழையிலும் அரசியலைக் கொண்டுவந்துவிடுகிறார். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசலாமே.

#10 நிலாமதி

யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பது பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சு இல்லையா? உங்கள் பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட் கிடைக்காதபோது தெரிந்திருக்கும்.

#11 நெறியாளர்

எல்.கே.ஜி. சீட்டுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே 400 பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வேண்டாம்.

#12 மணலூரான்

நிலாமதி அக்கா கேட்டதுக்கு என்னால் முடிந்த பதில். அது நிறத்தை வைத்துப் போட்ட வேலி இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். 1947 ஒப்பந்தத்திலேயே பிலிப்பினோக்களை அமெரிக்கக் கடற்படையில் சேர்க்க வழி வைத்திருந்தார்கள். 1970கள் தொடங்கும்வரை பெரும்பாலும் சமையல், பரிமாறல் வேலைதான் கொடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் படித்தார்கள். பிலிப்பினோப் பெண்ணை முறையாகக் கல்யாணம் செய்துகொண்ட வெள்ளை, கறுப்பு வீரர்களின் பிள்ளைகளும் படித்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புக்கு ஒரு பள்ளி என்று இருந்த காலத்தில் படைப் பள்ளிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

வேலி போட்டது காகிதம். படைக்காரரை அவர்கள் 'ஸ்பான்சர்' என்பார்கள், குடும்பத்தை 'டிபெண்டன்ட்'. ஸ்பான்சர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தால் அடையாள அட்டை, அட்டை இருந்தால் பள்ளி, ஆஸ்பத்திரி, கமிசரி எல்லாம். கையெழுத்து இல்லாவிட்டால் பிள்ளை அப்பாவை உரித்து வைத்திருந்தாலும் ஒன்றும் இல்லை.

ஏஞ்சலஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா சொன்னதைச் சொல்கிறேன். அவருடைய அம்மா தளத்து வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர். அண்ணனுக்கு மட்டும் அப்பா வேறு, அமெரிக்கர், மாற்றலாகிப் போனவர் திரும்பவில்லை. தளத்துக்குள் வீடு போதாமல் பல அமெரிக்கக் குடும்பங்கள் ஊருக்குள் வாடகைக்கு இருந்தன. இவர்கள் தெருவிலும் ஒன்று. காலையில் அந்த வீட்டுப் பையனைக் கூட்டிப் போகப் பள்ளிப் பேருந்து தெருமுனைக்கு வரும். அதே நேரத்தில் அண்ணன் அந்தப் பேருந்தைத் தாண்டி நடந்து ஊர்ப் பள்ளிக்கூடம் போவாராம். இரண்டு பேருக்கும் ஒரே செம்பட்டை முடி. "டிரைவர் முதல் தடவை அண்ணனுக்காகவும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

#13 நிலாமதி

இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டாம்.

#14 கேவி பழைய மாணவன்

:(

#15 எரிகுழம்பு

இழைத் தலைப்பில் எரிமலை இருக்கிறது, இன்னும் எரிமலை வரவில்லை. நிலவியல் படித்தவன் என்ற முறையில் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிளார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் பினடூபோ சுமார் 500 வருடம் தூங்கிய மலை. காடு மூடிக் கிடந்ததால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே அது எரிமலை என்று தெரியாது. சரிவுகளில் ஐட்டா பழங்குடிகள் வாழ்ந்தார்கள். 1991 ஏப்ரல் 2 அன்று நீராவி வெடித்துக் கிளம்பியது. பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து கண்காணிப்பு நிலையம் போட்டன. எங்கே? கிளார்க் தளத்துக்குள்ளேயே. ஏப்ரல் கடைசியிலிருந்து நில அதிர்வு, கந்தக வாயு அளவு என்று பார்த்துப் பார்த்து எச்சரிக்கைப் படிகளை ஏற்றிக்கொண்டே போனார்கள். தளபதிகளுக்கு நம்புவதா வேண்டாமா என்ற குழப்பம். ஆயிரக்கணக்கான பேரைக் காலி செய்தபிறகு மலை சும்மா இருந்துவிட்டால்?

ஜூன் 10 காலை உத்தரவு வந்தது. ஏறக்குறைய 15,000 பேர் காரில் ஏறி சுபிக் பக்கம் கிளம்பினார்கள். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. ஜூன் 12 முதல் பெரிய வெடிப்பு. 15 அன்று உச்சம், சாம்பல் தூண் 35 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அன்றைக்கென்று பார்த்து யூன்யா புயல் வேறு அந்த வழியாகவே வந்தது. காய்ந்த சாம்பல் என்றால் வாரிக் கொட்டலாம். மழையில் நனைந்த சாம்பல் கரைத்த சிமெண்ட் மாதிரி. கூரை தாங்காது. கிளார்க்கில் மட்டுமல்ல, பத்திரம் என்று ஓடிப்போன சுபிக்கிலும் கூரைகள் இடிந்தன. பட்டப்பகலில் கும்மிருட்டு, நிற்காத நிலநடுக்கம்.

20ஆம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு இது. முதலாவது 1912-ல் அலாஸ்காவில். செத்தவர்கள் 800க்கும் மேல். வெடிப்பின்போது செத்தவர்கள் பெரும்பாலும் கூரை இடிந்து. பிறகு முகாம்களில் நோய் வந்து, அதில் ஐட்டாக்கள் அதிகம். முன்கூட்டியே காலி செய்யாவிட்டால் கணக்கு பல்லாயிரத்தில் போயிருக்கும். எங்கள் துறையில் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

#16 மணலூரான்

நன்றி எரிகுழம்பு. சுபிக்கிலிருந்து 'ஆபிரகாம் லிங்கன்', 'மிட்வே' போன்ற விமானந்தாங்கிக் கப்பல்களில் ஏற்றி செபு தீவுக்கும், அங்கிருந்து விமானத்தில் குவாம் தீவுக்கும், அப்புறம் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். மொத்தம் 20,000 பேர் அளவில். ஆளுக்கு ஒரு பை. வீட்டில் விட்டுவந்த ஆல்பம், நாய், சைக்கிள் எல்லாம் அங்கேயே. பள்ளியில் லாக்கர்களைக்கூட எத்தனை பேர் காலி செய்திருப்பார்களோ.

அத்தோடு வாக்னர் முடிந்தது. மறுபடி மணி அடிக்கவே இல்லை.

#17 சங்கரநாராயணன்_68

சிறு திருத்தம். பள்ளியை மூடியது எரிமலை அல்ல, பிலிப்பைன்ஸ் செனட். 1991 செப்டம்பர் 16-ல் தள ஒப்பந்தத்தை 12-க்கு 11 என்று நிராகரித்தார்கள். அதிபர் மார்கோஸ் காலத்திலிருந்து மக்கள் போராடியது வீண் போகவில்லை. எல்லாப் பெருமையையும் மலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

#18 எரிகுழம்பு

ஐயா, தேதியைப் பாருங்கள். செனட் வாக்கெடுப்புக்கு முன்பே, அந்த ஜூலையிலேயே, கிளார்க் வேண்டாம் என்று அமெரிக்கா முடிவு செய்துவிட்டது. ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சுபிக்குக்கு மட்டும்தான் பத்து வருடம் கேட்டிருந்தார்கள். செனட் நிராகரித்தது சுபிக்கை. அதனால் 1992 நவம்பரில் சுபிக் மூடப்பட்டது. சுபிக் போனதால் ஜார்ஜ் டூயி பள்ளியும் போயிற்று. கிளார்க்கை 1991 நவம்பர் 26 அன்று ஒப்படைத்துவிட்டார்கள்.

#19 சங்கரநாராயணன்_68

தேதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலை வெடிக்காமல் இருந்திருந்தாலும் எத்தனை நாள்? 99 வருடம் என்றிருந்ததை 1966-லேயே குறைத்து 1991-ல் முடியும் என்று மாற்றிவிட்டார்கள். 1979-ல் தளத்தின் மேல் பிலிப்பைன்ஸ் கொடியும், பிலிப்பினோ தளபதியும் வந்தாயிற்று. வாடகை ஒப்பந்தம் முடிகிற வருடத்தில் வீடு இடிந்துவிழுந்தால் வீடு இடிந்ததால் காலி செய்தேன் என்று சொல்லலாம். வீட்டுக்காரருக்குத் தெரியும்.

#20 மணலூரான்

ஐயா சொன்ன வாடகை உதாரணத்தைத் தலைப்பிலேயே போட்டிருக்கலாம் போலிருக்கிறது. பிள்ளை சேர்வதற்கு ஒரு காகிதம், பள்ளி இருப்பதற்கு ஒரு காகிதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்தப் படைப் பள்ளியை எடுத்தாலும் மேலே எங்கோ யாரோ கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில்தான் அதன் உயிர். லிபியாவில் திரிப்போலிக்குப் பக்கத்தில் வீலஸ் என்று பெரிய தளம், அங்கேயும் உயர்நிலைப் பள்ளி. 1969-ல் கடாபி ஆட்சியைப் பிடித்தார், 1970 ஜூனில் தளம் காலி, பள்ளியும் காலி. குவாண்டனாமோ பிள்ளைகளை 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடி அன்று, அவசரமாகக் கப்பலேற்றினார்கள். கிறிஸ்துமஸுக்குள் திரும்பினார்கள், அந்தப் பள்ளி தப்பித்தது. தென் கொரியாவின் சோல் பள்ளி அறுபது வருடம் நடந்து 2019-ல் மூடியது, படை தெற்கே பியோங்டேக்குக்குப் போனதால்.

#21 மெத்தைக்கடை

படிப்பு எப்படி? இப்படி அலைந்தால் பிள்ளை தேறுமா?

#22 பிராங்க்பர்ட் சுப்பு

நீங்கள் இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே தேசிய அளவில் ஒரு தேர்வு நடக்கும், நான்காம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும். 2022-லும் 2024-லும் கணக்கு, வாசிப்பு இரண்டிலும் எல்லா மாநிலங்களையும் விட மேலே நின்றது இந்தப் படைப் பள்ளிகள்தான். இன்றைக்கும் சுமார் 160 பள்ளிகள் நடக்கின்றன, அமெரிக்க மண்ணில் உள்ள தளங்களையும் சேர்த்து. அப்பா அம்மா ஒருவருக்காவது வேலை நிச்சயம், வீடு நிச்சயம், வைத்தியம் நிச்சயம். எங்கே மாறிப் போனாலும் ஒரே பாடத்திட்டம். அந்த நிச்சயம் இருந்தால் நம் ஊர்ப் பிள்ளைகளும் தேறும்.

#23 கேவி பழைய மாணவன்

தேறும் சார். நான் சுமாராகத் தேறினேன். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன் என்று சொல்ல ஒருத்தன் இல்லை.

அண்ணா, அந்த இரண்டு பேரும் கடைசியில் பள்ளி இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்களா?

#24 மணலூரான்

அன்றைக்கு எனக்கே இடம் தெரியாது தம்பி. கேட்டுப் பார்த்தோம், செக்யூரிட்டி ஆளுக்கும் தெரியவில்லை. பிறகு மூவருமாகக் கேட் அருகே இருக்கும் படைவீரர் கல்லறைக்குப் போனோம். 8,000க்கு மேல் கல்லறைகள். சாம்பலில் பாதி புதைந்து, யாரும் பொறுப்பேற்காமல் புதர் மண்டிக் கிடந்ததை அங்கேயே தங்கிவிட்ட வயதான முன்னாள் படைவீரர்கள் பல வருடம் சொந்த முயற்சியில் சுத்தம் செய்து வந்தார்கள். 2013-ல்தான் அமெரிக்க அரசு பராமரிப்பை ஏற்க ஒப்பந்தம் போட்டது. சில கல்லறைக் கற்களின் அடிப்பகுதி இன்னும் சாம்பலுக்குள் இருக்கிறது, பெயர் மட்டும் தெரிகிறது.

பெரியவர் ஆண்டுமலரை ஒரு கல் மேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகம் துடைத்தார். அவர் வகுப்புப் படத்தை நான் எட்டிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் அவர் பேனாவில் சிறு குறி போட்டிருந்தார். என்ன என்று கேட்டேன். இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டவர்களாம். குறி இல்லாதவர்களை இன்னும் தேடுகிறாராம்.

#25 நிலாமதி

மணலூரான், உங்கள் வீட்டுக்காரம்மாவின் அண்ணன் இப்போது எங்கே?

#26 மணலூரான்

ஃப்ரீபோர்ட்டுக்குள் ஷட்டில் வண்டி ஓட்டுகிறார். என்னை ஆபீஸில் இறக்கிவிட்டதுண்டு.